மெழுகுவர்த்தியைக் கீழே வைத்த சீமாட்டி

1785-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி. இரவு. லண்டன் நகரில் உள்ள "ட்ரூரி லேன்" நாடகக் கொட்டகையில் நாடகம் தொடங்கப் போகிறது.

உள்ளே ஒப்பனை அறையில் ஒரு நடிகை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பெயர் சாரா சிடன்ஸ். வயது 29. லண்டன் மேடையில் அவர் இதுவரை போடாத ஒரு வேஷத்தை அன்று போட வேண்டும். ஒரே கவலை. தனியாக இருந்து மனத்தைத் தேற்றிக்கொள்ளப் பார்க்கிறார்.

அப்போது கதவை யாரோ தட்டினார்கள்.

இப்போது யாரையும் பார்க்க முடியாது என்று சொல்லிப் பார்த்தார். வந்தவர் போவதாக இல்லை. வேறு வழி இல்லாமல் கதவைத் திறந்தார்.

வெளியே நின்றவர் ஷெரிடன். கொட்டகையை நடத்தியவர் அவர்தான். அவரே பெரிய நாடக ஆசிரியரும்கூட. அவ்வளவு பெரிய மனிதர் அந்த நேரத்தில் எதைப் பற்றிப் பேச வந்தார் தெரியுமா? ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றி!

நாடகத்தின் கடைசிப் பகுதியில் ஒரு காட்சி வருகிறது. ராணி தூக்கத்திலேயே எழுந்து நடந்து வருகிறாள். கையில் மெழுகுவர்த்தி. கண் திறந்திருக்கிறது, ஆனால் எதுவும் தெரியவில்லை. தன் கையில் ரத்தக் கறை இருப்பதாக நினைத்துக்கொண்டு தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். அங்கே தண்ணீரும் இல்லை. கறையும் இல்லை.

இந்த வேஷத்தை முன்பு போட்டுப் பெயர் வாங்கியவர் பிரிட்சார்டு அம்மையார். அவர் மெழுகுவர்த்தியைக் கடைசி வரை கையை விட்டு இறக்கியதே இல்லை. சிடன்ஸ் அதைக் கீழே வைக்கப் போகிறார் என்ற செய்தி ஷெரிடன் காதுக்கு எட்டிவிட்டது. பழைய முறையை மாற்றினால் ஜனங்கள் ஏற்க மாட்டார்கள், வேண்டாம் என்று மன்றாடினார்.

சிடன்ஸ் அசையவில்லை. மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டே கையைக் கழுவ எப்படி முடியும் என்று கேட்டார்.

நியாயமான கேள்விதானே?

அன்று இரவு சிடன்ஸ் மெழுகுவர்த்தியைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் சேர்த்துக் கழுவினார். ஜனங்கள் கோபிக்கவில்லை. நாடகம் முடிந்ததும் ஷெரிடனே வந்து, நீங்கள் பிடிவாதமாக இருந்ததே நல்லதாகப் போயிற்று என்று பாராட்டினார்.

ஷேக்ஸ்பியர் எழுதிய "மாக்பெத்" நாடகம் அது. சிடன்ஸ் போட்ட வேஷம், மாக்பெத் சீமாட்டி. பதவி ஆசை பிடித்துப் புருஷனைக் கொலைகாரன் ஆக்கியவள் என்று பெயர் வாங்கியவள். அந்த ராட்சசிக்குள் ஒரு பெண் இருக்கிறாள் என்று நடிகைகள் ஒருவர் பின் ஒருவராகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்தக் கதை 200 வருஷத்துக்கு மேல் நடக்கிறது.

கதை என்ன?

முதலில் நாடகத்தின் கதையைத் தெரிந்துகொள்வோம்.

மாக்பெத், ஸ்காட்லாந்து தேசத்தின் தளபதி. போரில் வெற்றி பெற்றுத் திரும்பும் வழியில் மூன்று சூனியக்காரிகளைச் சந்திக்கிறான். நீ அரசன் ஆவாய் என்று அவர்கள் ஆரூடம் சொல்லுகிறார்கள். உடனே அதை மனைவிக்குக் கடிதமாக எழுதி அனுப்புகிறான்.

அன்று இரவே டங்கன் என்ற அரசன் அவர்கள் கோட்டைக்கு விருந்தாளியாக வருகிறான். வயதானவன். நல்லவன். விருந்துக்கு வந்தவனைக் கொன்றுவிடலாம் என்கிறாள் சீமாட்டி. மாக்பெத் தயங்குகிறான். வேண்டாம், இதோடு விட்டுவிடுவோம் என்கிறான். நீ ஓர் ஆண்பிள்ளையா என்று குத்திக் காட்டுகிறாள் அவள். எடுத்த சபதத்துக்காக என் மடியில் பால் குடிக்கும் பிள்ளையைக்கூடக் கொல்லுவேன் என்கிற அளவுக்குப் பேசிவிடுகிறாள்.

கொலை நடக்கிறது. காவல்காரர்களுக்கு மயக்க மருந்து கொடுத்தவள் அவள். புருஷன் கை நடுங்கிக் கத்திகளோடு திரும்பி வந்ததும், அவற்றை வாங்கிக் கொண்டுபோய்க் காவல்காரர்கள் பக்கத்தில் வைத்து, அவர்கள் மேல் ரத்தத்தைப் பூசிவிட்டு வந்தவளும் அவள்.

மாக்பெத் அரசன் ஆகிறான். அவள் ராணி ஆகிறாள். அன்றோடு அவர்கள் வீட்டில் தூக்கம் போயிற்று. அவன் மேலும் மேலும் கொல்லுகிறான். அவள் தூக்கத்தில் நடந்து, கை கழுவி, கடைசியில் செத்துப் போகிறாள்.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் என்ன சொல்வார்கள்? எல்லாம் அந்தப் பெண்பிள்ளையால் வந்தது என்பார்கள். அப்படித்தான் சொன்னார்கள்.

நாடகத்தைக் கவனித்துப் படித்தால் வேறு சில விஷயங்களும் கண்ணில் படும்.

புருஷன் பின்வாங்கும்போது அவள் அவனை ஒரு கேள்வி கேட்கிறாள். இந்த யோசனையை முதலில் என்னிடம் சொன்னது யார் என்கிறாள். அவனால் பதில் சொல்ல முடியவில்லை. ஆக, முதல் விதை அவன் மனத்தில் விழுந்த விதை.

இன்னொன்று. நானே குத்தியிருப்பேன், ஆனால் தூங்குகிற கிழவன் முகம் என் தகப்பனார் முகம் மாதிரி இருந்தது என்று அவள் வாய் தவறிச் சொல்லிவிடுகிறாள். கத்தியை எடுக்க அவளால் முடியவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். டங்கனுக்குப் பிறகு நடக்கிற கொலைகளில் அவளுக்குப் பங்கு இல்லை. நண்பன் பாங்கோவைக் கொல்ல ஆள் ஏவுகிறான் மாக்பெத். அதை அவளிடம் மறைத்துவிடுகிறான். மாக்டப் என்ற பிரபுவின் மனைவியும் சின்னஞ்சிறு பிள்ளைகளும் வெட்டப்படுகிறார்கள். அந்த உத்தரவும் அவனுடையதே. அவளை யோசனை கேட்கவில்லை. ஆனால் தூக்கத்தில் புலம்பும்போது, அந்த மாக்டப்பின் மனைவி இப்போது எங்கே என்று கேட்டு அழுகிறவள் அவள்!

அவனோ கடைசி வரை வாளைக் கீழே போடவில்லை.

பழி எப்படி மாறியது?

ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை எங்கிருந்து எடுத்தார்? ஹாலின்ஷெட் என்பவர் 1577-ல் ஒரு பெரிய சரித்திரப் புத்தகம் வெளியிட்டார். அதன் இரண்டாம் பதிப்பு 1587-ல் வந்தது. அதுதான் ஷேக்ஸ்பியருக்குச் சுரங்கம்.

அந்தப் புத்தகத்தில் மாக்பெத்தின் மனைவிக்குக் கிடைத்த இடம் மிகவும் கொஞ்சம். அவள் ராணிப் பட்டத்துக்கு ஆசைப்பட்டுப் புருஷனை நச்சரித்தாள் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறது. அவ்வளவுதான்.

அப்படியானால் மயக்க மருந்து, காவல்காரர்கள், இரவில் படுக்கை அறையில் கொலை, இதெல்லாம்? அது வேறொரு கதை. டப் என்ற இன்னோர் அரசனை டான்வால்டு என்பவன் மனைவியின் தூண்டுதலால் கொன்ற கதை. ஷேக்ஸ்பியர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். டான்வால்டு மனைவியின் பாவமும் மாக்பெத் மனைவியின் தலையில் ஏறியது.

இதைவிடச் சுவையான சங்கதி ஒன்று உண்டு. ஹாலின்ஷெட் புத்தகத்தில் டங்கனைக் கொல்லும் சதியில் மாக்பெத்துக்குக் கூட்டாளி இருக்கிறான். யார் தெரியுமா? பாங்கோ! நாடகத்தில் உத்தமனாக வருகிற அதே பாங்கோ.

ஷேக்ஸ்பியர் இந்த நாடகத்தை எழுதியது சுமார் 1606-ல். அப்போது இங்கிலாந்து சிம்மாசனத்தில் இருந்தவர் முதலாம் ஜேம்ஸ். ஸ்காட்லாந்து அரசராக இருந்து, 1603-ல் இங்கிலாந்துக்கும் அரசரானவர். அவர் தம்மைப் பாங்கோவின் வம்சம் என்று சொல்லிக்கொண்டவர். அரசருடைய மூதாதையைக் கொலைகாரன் என்று மேடையில் காட்ட முடியுமா? தலை தப்புமா? நாடகத்தில் பாங்கோவின் கை சுத்தமாகிவிட்டது. கூட்டாளி இருந்த இடத்தில் மனைவி மட்டும் நிற்கிறாள்.

கேட்க ஆள் இல்லாதவர் தலையில் பழியை வைப்பது அரண்மனையிலும் உண்டு, அடுப்பங்கரையிலும் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஷேக்ஸ்பியர் காலத்தில் பெண்கள் மேடை ஏறுவதில்லை. சீமாட்டி வேஷத்தை மீசை முளைக்காத பையன் ஒருவன்தான் போட்டிருப்பான். 1660-க்குப் பிறகே இங்கிலாந்தில் பெண் வேஷத்தைப் பெண்கள் போடத் தொடங்கினார்கள்.

நள்ளிரவில் பாடம்

பிரிட்சார்டு அம்மையாரைப் பற்றி முன்னே சொன்னோம் அல்லவா? காரிக் என்ற மாபெரும் நடிகருக்கு ஜோடியாக 1748-ல் தொடங்கி 20 வருஷம் இந்த வேஷம் போட்டவர். மேடையில் புலி. ஆனால் மாக்பெத் நாடகத்தை முழுவதும் அவர் ஒரு முறைகூடப் படித்ததில்லை என்று டாக்டர் ஜான்சன் என்ற அறிஞர் சிடன்ஸிடம் சொன்னாராம். நடிகர்களுக்கு அவரவர் வசனத்தை மட்டும் எழுதிக் கொடுக்கும் காலம் அது. செருப்புத் தைக்கிறவர் முழு மாட்டையும் நினைத்துப் பார்ப்பதில்லை, கையில் உள்ள தோலைத்தான் பார்க்கிறார் என்கிற மாதிரி ஜான்சன் ஓர் உவமையும் சொன்னார். நாக்கு நீளமான மனிதர்!

சிடன்ஸ் அப்படிப்பட்டவர் இல்லை. 1755-ல் வேல்ஸ் நாட்டில் ஒரு சாராய விடுதி மாடியில் பிறந்தவர். பெற்றோர் ஊர் ஊராகப் போய் நாடகம் போட்டவர்கள். சிடன்ஸ் 18 வயதில் கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளை குட்டி, வீட்டு வேலை எல்லாம் முடித்த பிறகு ராத்திரியில்தான் வசனம் பாடம் செய்வார்.

சுமார் 20 வயதில் வெளியூர் ஒன்றில் சீமாட்டி வேஷம் போட வேண்டி வந்தது. மறுநாள் நாடகம். வசனம் கொஞ்சம்தானே, ஒரே ராத்திரியில் நெட்டுருப் போட்டுவிடலாம் என்று நினைத்தார். வீட்டில் எல்லோரும் தூங்கியபின் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தார்.

கொலைக் காட்சி வந்தது. மேலே படிக்க முடியவில்லை. உடம்பெல்லாம் நடுங்கியது. மெழுகுவர்த்தியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். கட்டியிருந்தது பட்டு உடுப்பு. அது சரசரவென்று சத்தம் போட்டது. பின்னால் பேய் துரத்தி வருகிறது என்றே நினைத்துவிட்டார். அறைக்குள் போய் விழுந்தார். கணவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். மெழுகுவர்த்தியை அணைக்கவும் தைரியம் இல்லை. போட்ட உடுப்போடு படுத்துவிட்டார்.

மறுநாள் வசனம் சரியாக வரவில்லை. வெட்கமாகப் போயிற்று. இனி எதையும் கடைசி நேரத்துக்குத் தள்ளி வைப்பதில்லை என்று அன்றே முடிவு செய்துகொண்டாராம்.

லண்டனில் மெழுகுவர்த்திப் போராட்டம் நடந்த ராத்திரியும் ஒரு வேடிக்கை நடந்தது. நாடகம் முடிந்து, கண்ணாடி முன் நின்று சிடன்ஸ் உடுப்பைக் களைகிறார். காட்சியின் வேகம் மனத்தை விட்டுப் போகவில்லை. கையில் ரத்த வாடை வீசுகிறது என்கிற வசனத்தைத் தமக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். உடுப்பு மாட்டிவிடும் பணிப்பெண் பதறிப் போனாள். அம்மா, அது ரத்தம் இல்லை, சிவப்புச் சாயத்தைத் தண்ணீரில் கலந்தது, கலக்கும்போது நானே பார்த்தேன் என்று ஆறுதல் சொன்னாளாம்!

சிடன்ஸ் கண்ட பெண்

இந்தச் சீமாட்டியைப் பற்றித் தாம் நினைத்ததை எல்லாம் சிடன்ஸ் எழுதி வைத்தார். அவர் 1831-ல் இறந்தார். அந்தக் குறிப்புகள் 1834-ல், கேம்பெல் என்ற கவிஞர் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாற்றில் அச்சாயின.

அதைப் படித்தவர்கள் திகைத்துப் போனார்கள். ஏன்? சிடன்ஸ் மேடையில் கம்பீரமான ராணி. பார்க்கிறவர்கள் நடுங்குவார்கள். ஆனால் அவர் மனத்தில் இருந்த சீமாட்டி வேறு மாதிரி. வெளுத்த நிறம். மெல்லிய உடம்பு. புருஷன் மனத்தை மயக்கும் அழகு. ஒரு காற்றுக்குக்கூடத் தாங்க மாட்டாள் போன்ற பெண். பதவி ஆசை அவள் நெஞ்சில் இருந்த ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிட்டது என்கிறார் சிடன்ஸ்.

குழந்தையைப் பற்றி அவள் பேசும் கொடிய பேச்சுக்கும் சிடன்ஸ் ஒரு பொருள் சொல்லுகிறார். தாய்ப்பாசம் என்றால் என்ன என்று தெரியாதவள் அந்த உதாரணத்தைச் சொல்ல மாட்டாள். உலகத்தில் தனக்கு மிகவும் இனிமையானது எதுவோ, அதையே பலி கொடுப்பேன் என்கிறாள். அவள் பால் கொடுத்த தாய்.

இதை எழுதியவர் ஏழு பிள்ளை பெற்றவர். அதில் ஐந்து பிள்ளைகளைத் தம் கண் எதிரே பறிகொடுத்தவர்.

பட்டத்துக்கு வந்த பிறகு சீமாட்டி மாறிவிடுகிறாள் என்பதையும் அழுத்திச் சொன்னவர் சிடன்ஸ். அதன் பிறகு புருஷனிடம் அவள் முன்போலக் கடுமையாக இருப்பதில்லை என்கிறார். அவன் தன் பயத்தை எல்லாம் அவளிடம் கொட்டி ஆறுதல் தேடிக்கொள்கிறான். அவள் யாரிடம் சொல்வாள்? தன் வேதனையை அவனுக்குக் காட்டாமல் விழுங்குகிறாள். பகலில் விழுங்கியது இரவில் தூக்கத்தில் வெளியே வருகிறது.

இந்த இடத்தில் என் மனத்தில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். சிடன்ஸ் அவளைக் குற்றவாளி இல்லை என்று சொல்லவே இல்லை. செய்தது மகா பாவம் என்றே எழுதுகிறார். பாவம் செய்தவளுக்கு உள்ளே என்ன நடந்தது என்று பார்க்கிறார். அதனால்தான் அவர் பேச்சில் நம்பிக்கை வருகிறது.

1812-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி சிடன்ஸ் மேடையிலிருந்து விடை பெற்றார். அன்றும் இதே நாடகம். தூக்கத்தில் நடக்கும் காட்சி முடிந்து அவர் உள்ளே போனதும் ஒரே ஆரவாரம். மேற்கொண்டு நாடகத்தை நடத்தவே ஜனங்கள் விடவில்லை. மாக்பெத் எப்படிச் செத்தான் என்று தெரிந்துகொள்ள அன்று யாருக்கும் அவசரம் இல்லை!

பொன்வண்டு உடுப்பு

பல வருஷம் கழிந்தது. 1888-ம் ஆண்டு டிசம்பர் மாதம். லண்டனில் "லைசியம்" கொட்டகை. மாக்பெத்தாக ஹென்றி இர்விங். சீமாட்டியாக எல்லன் டெரி.

எல்லன் டெரியா என்று ஊரே ஆச்சரியப்பட்டது. அவர் சிரித்த முகக்காரி. இனிமையான வேஷங்களுக்குப் பேர் போனவர். அவருக்கு இந்தக் கொலைகாரி வேஷமா?

டெரி சிடன்ஸின் குறிப்புகளைத் தேடிப் பிடித்துப் படித்தார். தம் நாடகப் புத்தகத்தின் ஓரமெல்லாம் குறிப்பு எழுதினார். அவர் கண்ட சீமாட்டி, புருஷன் மேல் உயிரையே வைத்தவள். அவனுக்குக் கிரீடம் வேண்டும் என்று ஆசைப்பட்டாள். கொலை வெளிப்பட்ட காலையில் அவள் மயங்கி விழுவதாக ஒரு காட்சி உண்டு. பாசாங்கு என்று பலர் சொல்லி வந்தார்கள். இல்லை, உண்மையிலேயே மயங்கிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டு நடித்தார் டெரி.

பத்திரிகைகளில் பெரிய சண்டை மூண்டது. இவ்வளவு அன்பான சீமாட்டியா என்று ஒரு கட்சி. இதுவே மனுஷி என்று இன்னொரு கட்சி. சண்டை போடுகிறார்களே, அதுவே எனக்கு வெற்றி என்று டெரி மகிழ்ந்து போனார். சண்டை ஒரு பக்கம் நடக்க, கொட்டகையில் மாதக் கணக்கில் கூட்டம் குறையவில்லை.

டெரி போட்ட உடுப்பைச் சொல்லாமல் விட முடியாது. பச்சையும் நீலமும் கலந்து பின்னிய அங்கி. பார்த்தால் போர்வீரனின் இரும்புக் கவசம் மாதிரியும் இருக்க வேண்டும், பாம்பின் செதிள் மாதிரியும் இருக்க வேண்டும் என்று அதை அமைத்தவர் அலிஸ் கார் என்ற அம்மாள். மினுமினுப்புக்கு என்ன வைத்துத் தைத்தார்கள் தெரியுமா? வண்டின் இறகு! சுமார் 1,000 இறகு. நம் ஊர்ப் பிள்ளைகள் தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்ப்பார்களே பொன்வண்டு, அந்த இனத்து வண்டுகளின் பச்சை இறகுதான்.

சார்ஜென்ட் என்ற ஓவியர் 1889-ல் டெரியை அதே உடுப்பில் வரைந்தார். படத்தில் அவர் கிரீடத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறார். அப்படி ஒரு காட்சி நாடகத்தில் கிடையவே கிடையாது. படம் இன்று லண்டன் "டேட்" கலைக்கூடத்தில் இருக்கிறது.

உடுப்பும் பிழைத்திருக்கிறது. டெரி கடைசி நாட்களில் வாழ்ந்து 1928-ல் இறந்த வீடு கென்ட் மாவட்டத்தில் உள்ளது. அங்கே அதை வைத்திருக்கிறார்கள். பழையதாகிக் கிழிந்து, இறகுகள் உடைந்து போயிருந்தன. சுமார் 1,300 மணி நேரம் வேலை செய்து 2011-ல் செப்பனிட்டு முடித்தார்கள்.

டெரியின் சீமாட்டியிடம் எனக்கு ஒரு குறை உண்டு. புருஷன் மேல் உள்ள அன்பால் செய்தாள் என்று சொல்லிவிட்டால், அவளுக்கென்று சொந்த ஆசையே இல்லாமல் போய்விடுகிறது. ஆண் ஆசைப்பட்டால் வீரம், பெண் ஆசைப்பட்டால் பேய்க்குணம் என்று சொல்லுகிறவர்களுக்கு அது பதில் ஆகாது. அவளும் ஆசைப்பட்டாள். அவனும் ஆசைப்பட்டான். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கிழவனைக் கொன்றார்கள். அவளுக்கு மட்டும் தனித் தராசு எதற்கு?

பறிபோன பிள்ளை

பால் கொடுத்தேன் என்கிறாளே, அந்தப் பிள்ளை எங்கே? நாடகத்தில் எங்கும் இல்லை. மாக்பெத்துக்கு வாரிசும் இல்லை. இந்தக் கேள்வியைக் கேலி செய்து நைட்ஸ் என்ற அறிஞர் 1933-ல் ஒரு கட்டுரையே எழுதினார். நாடகப் பாத்திரத்துக்கு எத்தனை பிள்ளை என்று எண்ணுவது வீண் வேலை என்பது அவர் கட்சி.

வேஷம் போடுகிறவர்களுக்கு அது வீண் வேலையாகத் தோன்றவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தம்பதி என்று வைத்துக்கொண்டால் எல்லாம் புரிகிறது என்றார்கள். தொட்டில் காலியான வீட்டில் கிரீடத்தைக் கொண்டுவந்து வைக்கப் பார்க்கிறார்கள். 1999-ல் ஹாரியட் வால்டர் என்ற நடிகை இந்த நினைப்போடு நடித்தார். 2015-ல் வந்த மாக்பெத் சினிமாவோ குழந்தையின் ஈமச் சடங்கில்தான் தொடங்குகிறது.

ஜப்பானில் குரோசவா 1957-ல் இதே கதையை ஜப்பானியச் சாமுராய்களின் கதையாகப் படம் எடுத்தார். அதில் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள். தன் வயிற்றுப் பிள்ளைக்குப் பட்டம் வேண்டும் என்று புருஷனைத் தூண்டுகிறாள். பிள்ளை செத்துப் பிறக்கிறது. அதன் பிறகு அவள் கை கழுவுவதைப் பார்க்கிறபோது வயிற்றைப் பிசைகிறது.

1976-ல் ஜூடி டென்ச் செய்தது வேறு. தன் நெஞ்சிலுள்ள இரக்கத்தை எடுத்துவிடும்படி சீமாட்டி தீய ஆவிகளைக் கூப்பிடும் காட்சி. மற்றவர்கள் வீராவேசமாகக் கூப்பிடுவார்கள். டென்ச் கூப்பிடத் தொடங்கி, ஏதோ வந்துவிட்டது போலத் தாமே பயந்து பின்வாங்குவார். யோசித்துப் பாருங்கள். நெஞ்சில் இரக்கமே இல்லாதவள் அதை எடுத்துவிடு என்று ஏன் கெஞ்ச வேண்டும்?

நிஜ ராணி

நாடகத்தில் இந்தப் பெண்ணுக்குப் பெயரே கிடையாது. அதை நீங்கள் கவனித்தீர்களா? மாக்பெத் சீமாட்டி என்றால் மாக்பெத்தின் சம்சாரம், அவ்வளவுதான்.

சரித்திரத்தில் அவளுக்குப் பெயர் உண்டு. குருவோக். ஸ்காட்லாந்து ராஜ வம்சத்துப் பெண். அவள் பாட்டனார் கென்னத் என்ற அரசர்.

முதல் கணவன் மோரே சீமையின் தலைவன். 1032-ல் அவனையும் அவன் ஆட்கள் 50 பேரையும் உயிரோடு கொளுத்திவிட்டார்கள். அடுத்த வருஷம், 1033-ல், அவள் பிறந்த வீட்டு ஆண்மகன் ஒருவனை மால்கம் என்ற அரசன் கொன்றான். கைம்பெண்ணாக, லூலாக் என்ற பிள்ளையோடு நின்றவள் பிறகு மாக்பெத்தை மணந்தாள். அவள் சொந்தக்காரனைக் கொன்ற அந்த மால்கத்தின் பேரன் யார் தெரியுமா? டங்கன்தான்!

நிஜ டங்கன் கிழவனும் இல்லை. விருந்தாளியும் இல்லை. 1040-ல் மாக்பெத்தின் நாட்டுக்குள் படையோடு வந்து, எல்ஜின் என்ற ஊருக்குப் பக்கத்தில் கொல்லப்பட்டான். கோட்டை இல்லை, படுக்கை அறை இல்லை, மயக்க மருந்தும் இல்லை. பிறகு மாக்பெத் 17 வருஷம் ஆண்டான். 1050-ல் ரோமாபுரிக்கு யாத்திரை போய் ஏழைகளுக்குப் பணத்தை வாரி இறைத்தான். நாடு கொந்தளிப்பில் இருந்தால் அரசன் அவ்வளவு தூரம் போக முடியுமா?

1057-ல் டங்கனின் மகன் மாக்பெத்தைக் கொன்றான். குருவோக்கின் பிள்ளை லூலாக் பட்டத்துக்கு வந்தான். சில மாதந்தான். 1058-ல் அவனையும் கொன்றுவிட்டார்கள். ஷேக்ஸ்பியரின் சீமாட்டிக்குக் காணாமல் போன பிள்ளை, குருவோக்குக்கு இருந்தான், அரசனாகவும் ஆனான், வெட்டுண்டும் போனான்.

அவளை இப்போது எழுத்தாளர்கள் தேடிப் போகிறார்கள். டேவிட் கிரெய்க் 2010-ல் "டன்சினேன்" என்ற நாடகம் எழுதினார். அதில் மாக்பெத் செத்த பிறகும் ராணி உயிரோடு இருக்கிறாள். வாதாடுகிறாள். வென்றவர்களுக்குப் பெரிய தலைவலியாக இருக்கிறாள். துப்பறியும் கதை எழுதிப் புகழ் பெற்ற வால் மெக்டெர்மிட் 2024-ல் இந்த ராணியை வைத்து ஒரு சிறு நாவல் எழுதினார். ஷேக்ஸ்பியர் நாடகத்திலோ கடைசியில் வெற்றி பெற்ற இளவரசன் அவளைப் பேய்க்குச் சமமாகப் பேசிவிட்டு முடிசூடப் போய்விடுகிறான். மறுத்துப் பேச அவள் மேடையில் இல்லை.

நிஜ ராணி எப்போது இறந்தாள், எங்கே புதைத்தார்கள் என்று எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் ஒரு பழைய தர்மப் பட்டயத்தின் வாசகம் நிலைத்திருக்கிறது. லெவன் என்ற ஏரியின் தீவில் தவம் செய்த துறவிகளுக்கு ராஜாவும் ராணியும் சேர்ந்து நிலம் எழுதிக் கொடுத்த பட்டயம். ஸ்காட்லாந்து அரசரும் அரசியும் என்று இருவர் பேரும் அதில் இருக்கின்றன. அவன் பின்லாக்கின் மகன் மாக்பெத். அவள் போதேயின் மகள் குருவோக்.